கருப்பனுக்கு ஆரு சோறு வெப்பா? வயதானவர்களுக்கும் அவர்கள் வளர்க்கும் நாய், பூனைக்கும் உதவப் புதிதாக இறங்குபவர்களுக்கு

என் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கோபிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாக இருந்தார். வலது கண்ணில் புரை முற்றிப் போயிருந்தது. இலவச முகாமில் பார்த்துவிட்டு, அவர்களே கோவைக்கு வண்டியில் கூட்டிப் போய், அறுவை செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அரவிந்த், சங்கரா இரண்டு கண் மருத்துவமனைகளும் கோவையில் இதைப் பல வருடங்களாகச் செய்து வருகின்றன. ஒரு ரூபாய் செலவில்லை. ஆனாலும் அம்மிச்சி வர மாட்டேன் என்றார். கத்தி என்றால் பயம் போலிருக்கிறது என்று நாங்களாக முடிவு கட்டி ஒரு வருடத்தை ஓட்டிவிட்டோம். ஒருநாள் பொழுதோட திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அவராகவே சொன்னார்: "நானு போயிட்டா கருப்பனுக்கு ஆரு சோறு வெப்பா, கண்ணு?"

கருப்பன் அவருடைய நாய். கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது.

அதற்கப்புறம் பல வீடுகளில் இதே கதையைப் பார்த்துவிட்டேன். மாத்திரையை நாள் விட்டு நாள் சாப்பிட்டு மிச்சம் பிடித்து நாய்க்கு ஊசி போட்டவர் உண்டு. வீட்டில் பூனை இருக்கிறதென்று மருத்துவமனையில் சேராமலேயே கால் புண்ணோடு நடந்தவர் உண்டு. ஆளின் மருத்துவச் செலவு ஒரு கணக்கு, நாயின் செலவு இன்னொரு கணக்கு என்று பிரித்துக்கொண்டு உதவப் போனால் இரண்டும் நடக்காது. ரெண்டும் ஒரே நோட்டில் எழுத வேண்டிய கணக்கு.

முதல் படி: பேச்சை நாயிடமிருந்து தொடங்குங்கள்

நம்மூர்ப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்ததும் "செலவுக்குப் பணம் இருக்குதுங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் இருக்குதுங்க, நீங்க காப்பி குடிங்க" என்றுதான் பதில் வரும். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தாலும் சரி, ஆறு மாதமாகப் போனே செய்யாவிட்டாலும் சரி, பதில் ஒன்றுதான். "இவனுக்கு என்ன வயசாகுதுங்க?" என்று நாயைக் காட்டிக் கேளுங்கள். அரை மணி நேரத்தில் வீட்டு நிலவரம் முழுக்க வந்துவிடும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். பிராணியின் வயது, கடைசியாக ஊசி போட்டது எப்போது, என்ன சாப்பிடுகிறது, யாரைக் கண்டால் குரைக்கும், யாரிடம் போகும், இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். எடையை மறக்காதீர்கள். மருந்தின் அளவு எடையை வைத்துத்தான் முடிவாகும். சின்ன நாய், பூனை என்றால் யாராவது தூக்கிக்கொண்டு எடை பார்த்து, தன் எடையைக் கழித்தால் போதும். பெரிய நாயைத் தவிட்டுக் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்திருக்கிறோம், கடைக்காரர் சிரித்துக்கொண்டே விட்டார். எதிர்ப்பக்கத்தில் ஆளின் விவரம்: என்னென்ன மாத்திரை, எங்கே வாங்குகிறார், மாதம் எவ்வளவு ஆகிறது, எந்த மருத்துவத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். கடைசிக் கேள்விதான் முக்கியம். பதில் வரும்போது கண் நாயின் பக்கம் போகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: ஆளின் செலவைக் குறையுங்கள்

நாய்க்குப் பணம் திரட்டுவதை விட, பெரியவருக்கு ஏற்கெனவே கிடைக்க வேண்டியதை வாங்கிக் கொடுப்பது சுலபம். அப்படி மிச்சமாகிற காசு தானாக நாய்க்குப் போய்ச் சேரும்.

ஆதரவில்லாத, 60 வயது கடந்தவர்களுக்கான முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாயாக இருந்து, 2023-இல் 1,200 ஆனது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிவாகும். அலைச்சல் உண்டு, மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சொத்து பிள்ளைகள் பேருக்குப் போய்விட்டதா, இன்னும் இவர் பேரில்தான் இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். நடக்க முடியாதவருக்கு இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். நாயை விட்டு வெளியே போக மாட்டேன் என்கிற ஆளுக்கு இதைப்போல வசதி வேறில்லை. மருத்துவமனையில் சேர்த்துச் செய்ய வேண்டிய வைத்தியத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு. அவசரம் வந்தபின் அட்டைக்கு ஓடுவது பெரும் வேதனை, இப்போதே எடுத்து வையுங்கள்.

வயதானவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொங்கு நாட்டில் நாய்களில் பாதி ரேஷன் அரிசியில்தான் வளர்கின்றன.

எதற்கும் வழி தெரியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567-க்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் கைவிட்டதால்தான் இந்த நிலை என்றால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பெரும்பாலான பெரியவர்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள், அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மூன்றாம் படி: கால்நடை மருந்தகம் மாட்டுக்கு மட்டும் இல்லை

எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. அரசு கால்நடை மருந்தகத்தில் நாய், பூனைக்கும் பார்ப்பார்கள். வெறிநாய்த் தடுப்பூசி போடுவார்கள், பூச்சி மருந்து கொடுப்பார்கள். காலையில் நேரத்திலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மருத்துவர் சினை ஊசி போடவும் கன்று இழுக்கவும் தோட்டம் தோட்டமாகக் கிளம்பிவிடுவார், அப்புறம் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம். 1885-இல் அந்த நாளில்தான் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். அந்தத் தேதியை ஒட்டி இலவச ஊசி முகாம்கள் நடக்கும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டியும் நடக்கும். காலண்டரில் இரண்டு தேதிக்கும் வட்டம் போட்டு வையுங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருடா வருடம்.

அறுவை, ஸ்கேன் என்று பெரிதாக வந்தால் நாமக்கல். அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-இல் தொடங்கியது. மாணவர்கள் படிக்கும் இடம் என்பதால் ஒரு நாயை நான்கு பேர் நின்று பார்ப்பார்கள், நேரமாகும். ஆனால் தனியார் இடத்தில் கேட்கிற தொகைக்கும் இங்கே ஆவதற்கும் ஒப்பிடவே முடியாது. உடுமலைப் பக்கத்து ஆட்களுக்கு உடுமலையிலேயே ஒரு கல்லூரி வந்துவிட்டது, சேலம் பக்கம் தலைவாசல் இருக்கிறது. போகிற செலவுதான் இடிக்கும். பஸ்ஸில் நாயை ஏற்ற விடமாட்டார்கள். இரண்டு மூன்று வீட்டுப் பிராணிகளுக்கு ஒரே நாளில் முறை வைத்து, ஒரு டாடா ஏஸ் பிடித்து, வாடகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆகாத நாய்களை ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். நாங்கள் ஒருமுறை ஏற்றி, சங்ககிரி தாண்டுவதற்குள் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

1962 என்ற எண் கால்நடை மருத்துவ ஊர்திக்கானது. அது முக்கியமாக மாடு, ஆட்டுக்கு. ஒற்றைக் கறவையை வைத்துக்கொண்டு பால் காசில் ஓட்டும் பாட்டிகளுக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுத்து வையுங்கள்.

தனியார் மருத்துவரிடம் போனால் வாய் திறந்து முதலிலேயே பட்ஜெட்டைச் சொல்லிவிடுங்கள்: "டாக்டர், இவரால் ரெண்டாயிரம்தான் முடியும். அதுக்குள்ள எதை முதல்ல செய்யலாமுங்க?" நல்ல மருத்துவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். எந்தப் பரிசோதனை இப்போதே வேண்டும், எது ஒரு வாரம் பொறுக்கும் என்று பிரித்துச் சொல்வார். மருந்தைக் கம்பெனிப் பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் எழுதித் தரக் கேளுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற பல மருந்துகள் மனிதருக்கும் நாய்க்கும் பொதுவானவை. சீட்டைக் காட்டி மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ கேட்டால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கலாம். சீட்டில்லாமல் நாமாக வாங்கிக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். பூனைக்குக் காய்ச்சல் என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துவிடும். ஒரே மாத்திரை போதும்.

ஒருமுறை செய்து பல வருடச் செலவை மிச்சப்படுத்துவது கருத்தடை. வயதான பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் பிடிப்பது அடிக்கடி வரும். அப்போது நடுராத்திரியில் அவசர அறுவை, பெருஞ்செலவு. நல்ல உடம்போடு இருக்கும்போதே கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. இன்னொன்று உண்ணி. மழை பெய்து புல் முளைத்ததும் தோட்டத்து நாய்க்குக் காது மடலில் திராட்சை மாதிரித் தொங்கும். அதனால் வரும் உண்ணிக் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்கும் பணத்தில் பத்துத் தடவை உண்ணி மருந்து வாங்கலாம். வாரம் ஒருமுறை காது, விரலிடுக்கு, வாலடி பார்க்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை ஏற்பாடு செய்யுங்கள். பெரியவருக்குக் கண் தெரியாது, குனியவும் முடியாது.

நான்காம் படி: சோறு

கடையில் விற்கும் நாய்த் தீனி மூட்டைக்காக யாரும் கடன்படத் தேவையில்லை. சோறு, ராகிக்களி, கொஞ்சம் தயிர், வேகவைத்த முட்டை, கேரட், பூசணி, வாரத்தில் சில நாள் கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரல் துண்டு, கொஞ்சம் இறைச்சி. நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்குப் பஞ்சமா? மண்டியில் உடைந்த முட்டையை விலை குறைத்துக் கொடுப்பார்கள். அன்றைக்கே வேகவைத்துவிட வேண்டும்.

நம்மூரில் ஒரு கண்ணி இருக்கிறது. அரிசிம்பருப்புச் சோறு. நமக்கு அமிர்தம், மிச்சமானால் நாய் தட்டுக்குப் போகும். அதில் கை நிறையச் சின்ன வெங்காயமும் பூண்டும் விழுந்திருக்கும். வெங்காயம், பூண்டு இரண்டுமே நாய், பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, தினமும் போட்டால் சோகை பிடித்து நாய் சோர்ந்து போகும். நாய்க்கு வெங்காயம், பூண்டு போடாமல் தனியாக ஆக்கச் சொல்லுங்கள். அம்மிச்சியிடம் இதைச் சொன்னபோது, "உங்கப்புச்சி காலத்து நாயெல்லாம் இதத் தின்னுதான் பன்னெண்டு வருசம் இருந்துச்சு" என்றார். வாதம் செய்யவில்லை. மறுமுறை போனபோது கருப்பனுக்குத் தனிச் சட்டி இருந்தது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு, இவையும் ஆகாது.

பூனை தயிர்ச் சோற்றிலேயே வாழும் என்று நினைப்பதும் தப்பு. இறைச்சி, மீனில் உள்ள டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். நெத்திலியோ மத்தியோ கொஞ்சமாவது தினமும் கிடைக்கட்டும்.

படுக்கைக்குக் காசு செலவழிக்காதீர்கள். திருப்பூர் கட்டிங் வேஸ்ட் துணித் துண்டுகளை ஒரு சாக்கில் திணித்துத் தைத்தால் மூட்டு வலியுள்ள கிழட்டு நாய்க்கு மெத்தை ஆச்சு.

ஐந்தாம் படி: ஆளில்லாத நாட்களுக்கு ஏற்பாடு

இதை ஐந்தாவதாக எழுதினாலும் செய்யும்போது முதலிலேயே தொடங்கிவிடுங்கள், நாளாகும் வேலை.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர், சாவி அவரிடம். இன்னொருவர் கொஞ்சம் தூரத்தில், தேவைப்பட்டால் பிராணியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடியவர். உறம்பரைதான் (சொந்தக்காரர்தான்) செய்ய வேண்டும் என்றில்லை. பால் எடுக்க வருபவர், தென்னைக்குத் தண்ணீர் கட்ட வருபவர், இவர்களைத்தான் நாய்க்கு ஏற்கெனவே தெரியும். பேச்சோடு விடாமல் ஒத்திகை பாருங்கள். பெரியவர் ஒரு ராத்திரி மகள் வீட்டுக்குப் போகட்டும், அந்த ஆள் வந்து சோறு வைக்கட்டும். தோட்டத்து நாய் எசமான் இல்லாதபோது வேறு ஆளாகிவிடும். கருப்பன் முதல்நாள் தண்ணீர்க்காரரைத் தொண்டுப்பட்டி (மாட்டுப் பட்டி) தாண்ட விடவில்லை. அம்மிச்சியின் பழைய சேலைத் துண்டு ஒன்றை அவர் தோளில் போட்டுக்கொண்டு மறுநாள் வந்தார், வாலாட்டியது.

முழு விவரமும் ஒரே தாளில்: பிராணியின் பெயர், ஊசி தேதி, சோறு, மருந்து, இரண்டு பேரின் போன் எண். ஒரு நகலைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், ஒன்றைப் பெரியவரின் பர்ஸில் ஆதார் நகலோடு வையுங்கள். 108-இல் ஏற்றிக்கொண்டு போகும்போது வீட்டில் ஓர் உயிர் கட்டிப் போட்டிருக்கிறது என்பது யாருக்காவது தெரிய வேண்டும். கட்டுத்தரையில் மாடு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அம்மிச்சிக்கு அந்த வருடம் தைநோம்பி முடிந்து கண் அறுவை நடந்தது. போர்வை இழுத்துப் படுத்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான், தண்ணீர்க்காரர் போன் செய்தாரா என்று.

பணம் திரட்டுவதென்றால்

கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டாலே இரண்டு வீட்டை ஓட்டலாம். பணத்தைப் பெரியவர் கையில் கொடுக்காமல் மருந்துக் கடைக்கோ மருத்துவருக்கோ நேராகக் கட்டுங்கள். நம்பிக்கை இல்லாததால் இல்லை, கையில் கொடுத்தால் பேரனுக்குப் போய்விடும். வரவு செலவை மொய் நோட்டு மாதிரி பேர் போட்டு எழுதுங்கள். "ஓசியில வாங்கிப் பழக்கமில்லீங்க" என்பவர்களிடம் அவர்களால் முடிந்ததை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி மாதாமாதம் முருங்கைக்கீரை கொடுக்கிறார், நோட்டில் அதுவும் வரவுதான். அழுகிற முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஊரில் அவர் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

வீடு மாறும்போதும், வேறு சில சங்கடங்களும்

கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. முன்பணம் கட்டும் முன் பிராணியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்பது பதில் இல்லை. அபார்ட்மென்டில் சொந்த வீடு என்றால், குடியிருப்போர் சங்கம் பிராணி வளர்க்கக் கூடாதென்று தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதைக் காட்டிப் பேசலாம். ஆனால் கழிவை அள்ளுவதும் ஊசிச் சீட்டு வைத்திருப்பதும் நம் கடமை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் நாயைச் சந்தைப்பேட்டையில் இறக்கிவிட்டுப் போவதும் நடக்கிறது. பசியில் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கூண்டில் பச்சைக்கிளி இருந்தால் மெதுவாகச் சொல்லுங்கள், வன உயிரினச் சட்டப்படி வளர்க்கக் கூடாது, வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இதில் நான் தோற்ற வீடுகளே அதிகம்.

பெரியவர்கள் நாய் தடுக்கி விழுவது சாதாரணம், இடுப்பெலும்பு முறிந்தால் எழுவது கஷ்டம். கழுத்தில் ஒரு சலங்கை கட்டிவிட்டால் காலடியில் படுத்திருப்பது தெரியும். சொந்த நாயே கடித்தாலும், பூனை பிறாண்டினாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு வைக்க விடாதீர்கள்.

பெரியவருக்குப் பின், நாய்க்குப் பின்

யாரும் பேச விரும்பாத பேச்சு. பெரியவர் தயாராக இருந்தால் உயிலில் ஒரு வரி சேர்க்கலாம். நம் சட்டத்தில் நாயின் பேருக்குப் பணம் எழுத முடியாது. நாயையும் அதன் செலவுக்கான தொகையையும் ஒரு நம்பிக்கையான ஆளுக்கு எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும், பதிவு கட்டாயமில்லை. எழுதும் முன் அந்த ஆளிடம் கேட்டுவிடுங்கள்.

நாய் முந்திக்கொண்டால், தோட்டத்திலேயே ஆழமாகக் குழி எடுத்துப் புதைக்க ஆள் பிடித்துக் கொடுங்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். பத்து நாளைக்குத் தினமும் ஒருவர் போய் உட்கார்ந்து வாருங்கள். பெரியவர் சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா என்று பாருங்கள். பாசத்தில் யாராவது குட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள், அதைத் தடுங்கள். குட்டி பன்னிரண்டு, பதினான்கு வருடம் இருக்கும், எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு அதன் பின்னால் ஓட முடியாது. ஐந்தாறு வயதான, அடங்கின, ஊசி போட்ட நாயாகத் தேடுங்கள்.

கருப்பன் போன அடுத்த சித்திரையில், திருப்பூரில் வீடு காலி செய்த ஒரு குடும்பம் விட்டுப்போன செவலைப் பெட்டையை அம்மிச்சியிடம் கொண்டுபோனோம். வேண்டாம் என்றுதான் சொன்னார். அது நேராகப் போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது. நான் பையிலிருந்து புதுத் தாளை எடுத்து, கருப்பன் என்று இருந்த இடத்தில் என்ன பேர் எழுதட்டும் என்று கேட்டேன்.